ஹெபடைடிஸ் சி குணமான பின்பும் கல்லீரலில் கொழுப்பு ஏன்?

கேள்வி:
எனக்கு வயது 52. ஜீனோடைப் 3 எனும் மரபு வகையைச் சேர்ந்த ஹெபடைடிஸ் சி வைரஸ் தொற்றுக்காக சோஃபோஸ்புவிர், வெல்படாஸ்விர் இரண்டும் சேர்ந்த மாத்திரையை 12 வாரம் உட்கொண்டேன். அது முடிந்து 12 வாரம் கழித்து, இரத்தத்தில் வைரஸின் மரபுப்பொருள் உள்ளதா என்று பார்க்கும் ஆர்என்ஏ பரிசோதனையில் வைரஸ் இல்லை என்று வந்தது. ஓராண்டுக்குப் பின் எடுத்த ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல் இரண்டாம் நிலை என்று எழுதியிருக்கிறார்கள். முன்பு 92 ஆக இருந்த எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) இப்போது 148. எடையும் ஆறு கிலோ கூடியுள்ளது. மதுப் பழக்கம் இல்லை. இது மாத்திரையின் பக்கவிளைவா, வைரஸ் திரும்பிவிட்டதன் அறிகுறியா?

மறுமொழி 1:
இரண்டும் அல்ல என்றே நினைக்கிறேன். இந்த வைரஸ் கல்லீரல் உருவாக்கும் கொழுப்புப் புரதத் துகள்களோடு ஒட்டிக்கொண்டு இரத்தத்தில் உலவுவது. அதிலும் ஜீனோடைப் 3, கொழுப்பை வெளியேற விடாமல் கல்லீரலிலேயே தேக்கிவைக்கும். ஆகவே உங்கள் பழைய எல்டிஎல் 92 நல்ல எண் அன்று, வைரஸ் போட்டிருந்த முகமூடி. வைரஸால் சேர்ந்த கொழுப்பு அது ஒழிந்ததும் பெரும்பாலும் கரைந்துவிடும் என்பதால், இப்போது தெரிவது எடையாலும் இன்சுலின் எதிர்ப்பாலும் (உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலை) வந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பார்த்தீர்களா? இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரைத் தாண்டினாலே நம்மவர்களுக்கு எச்சரிக்கைதான்.

மறுமொழி 2:
நானும் குணமான மகிழ்ச்சியில் மூன்று வேளையும் சோறும் டிபனுமாகச் சாப்பிட்டு எடை கூடியவன். எடையில் 7 முதல் 10 விழுக்காடு குறைந்தால் கல்லீரல் அழற்சியும் தணியும் என்றார் மருத்துவர். எனக்கு அதற்கு எட்டு மாதம் ஆயிற்று. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை கல்லீரலைக் கெடுக்கும் என்று அஞ்சி அவர் எழுதித் தந்ததை நான் வாங்காமலே இருந்தது வீண் பயம். இன்னொன்று: வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கிய ஆன்டிபாடியைத் தேடும் பரிசோதனை வாழ்நாள் முழுவதும் பாசிட்டிவ் என்றே வரக்கூடும், அதைப் பார்த்துப் பதறாதீர்கள், ஆர்என்ஏ மட்டுமே கணக்கு.

மறுமொழி 3:
சிகிச்சைக்கு முன், கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எவ்வளவு இருந்தது என்பதை நீங்கள் சொல்லவில்லையே. கொழுப்பைவிட அதுதான் முக்கியம்.

கேள்வி கேட்டவர்:
அப்போது 14 கிலோபாஸ்கல், இப்போது 8.

மறுமொழி 3:
14 என்பது பொதுவாக சிரோசிஸ் (கல்லீரல் முழுக்கத் தழும்பேறிய நிலை) என்றே கொள்ளப்படும் அளவு. வைரஸ் போனதும் அழற்சி அடங்குவதாலும் எண் இறங்கும். தழும்பு அதே வேகத்தில் மறைவதில்லை. எனவே 8 என்று வந்தாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் அல்ட்ராசவுண்டை, கல்லீரல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் பொருட்டு, நிறுத்திவிடாதீர்கள். அடுத்த முறை செல்லும்போது பழைய அறிக்கையையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.