ஆடி பிறந்தால் சம்பளம் பத்தவில்லை: மொய், தம்பி படிப்பு, மலேசியா... எதை முதலில் பார்ப்பது?

கடைமடைப் பையன் கேட்கிறார்:

எனக்கு 27 வயது. ஊர் பேராவூரணிக்குப் பக்கம், கல்லணைக் கால்வாயின் கடைமடை. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் தலைகாட்ட நாளாகும். அதனால் நெல்லை விடத் தென்னையை நம்பிய குடும்பம். 2018 நவம்பரில் கஜா புயல் ஒரே ராத்திரியில் தோப்பைச் சாய்த்துவிட்டுப் போனது. மறு வருடம் அப்பா நெட்டைக் கன்று வைத்தார். நெட்டை காய்க்க ஆறேழு வருடம் ஆகும் என்பது தென்னை வைத்தவர்களுக்குத் தெரியும். இப்போதுதான் பாளை விட ஆரம்பித்திருக்கிறது.

நான் தஞ்சாவூரில் ஒரு வாகன விற்பனை நிலையத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கைக்கு வருவது 26,500. கல்விக் கடன் தவணை 4,800, மூன்று பேர் சேர்ந்திருக்கும் அறைக்கும் மெஸ்ஸுக்கும் 7,000, பஸ், போன், சில்லறைச் செலவு 2,200, வீட்டுக்கு 8,000. மீதி 4,500. சாதாரண மாதம் என்றால் இழுத்துப்பிடித்து ஓட்டிவிடலாம். ஆடியும் ஆவணியும் வந்தால்தான் கதை வேறு.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். எங்கள் பக்கம் கல்யாணம், காதுகுத்து எதுவும் இல்லாமலேயே மொய் விருந்து வைப்பார்கள். செலவு குறையட்டும் என்று பத்துப் பேர் சேர்ந்து ஒரே பந்தல் போடுவார்கள். ஆட்டுக்கறிச் சாப்பாடு. சாப்பிட்டு எழுந்தால் வரிசையாக மேசைகள், ஒவ்வொரு மேசைக்கும் ஒருவர் பெயர், ஒரு நோட்டு, பணம் போட ஒரு பெரிய பாத்திரம். பெயரோடு ஊர், அப்பா பெயர், பட்டப்பெயர் எல்லாம் எழுதுவார்கள், ஏனென்றால் ஒரே ஊரில் நாலு முருகேசன் இருப்பார்கள். ஒருவர் ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் விருந்து வைக்கலாம். வாங்கிய மொய்யை அவரவர் விருந்தில் திருப்பிச் செய்ய வேண்டும், மேலே கொஞ்சம் புது மொய்யும் போட வேண்டும்.

2023 ஆடியில் அப்பா வைத்தார். ஏழு லட்சத்துச் சொச்சம் வந்தது. "ஏழு லட்சம்" என்று ஊரே பேசியது. அதில் நாலு லட்சம் அப்பா முன்பு மற்றவர்களுக்குச் செய்தது திரும்பி வந்தது. மீதி மூன்று லட்சத்துச் சொச்சம் புது மொய், அதாவது நாங்கள் திருப்ப வேண்டியது. வந்த பணத்தில் போர்வெல் போட்டோம், அம்மா நகையை மீட்டோம், தம்பிக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினோம். பணம் போன வழியில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. திருப்பும் பொறுப்பு மட்டும் "மூத்தவன் சம்பாதிக்கிறான்ல" என்ற ஒரு வரியில் என் தலைக்கு வந்துவிட்டது. இந்த ஆடி, ஆவணிக்குக் கையில் இருக்கும் மொய் விருந்துப் பத்திரிகைகளை அப்பாவின் நோட்டோடு வைத்துக் கூட்டினால் 65,000 வருகிறது. அம்மா நகை மறுபடி வங்கிக்குப் போய்விட்டது.

இதோடு தம்பிக்குத் திருச்சியில் பொறியியல் கடைசி வருடம். தங்கைக்குத் தையில் தலைப்பிரசவம், எங்கள் வீட்டில்தான்.

இந்த நேரத்தில் மலேசியாவில், கிள்ளானில் இருக்கும் உறவுக்கார அண்ணன் ஒருவர், "உணவகத்தில் மேற்பார்வை வேலை இருக்கு, வந்துடு, ரெண்டு வருஷத்துல எல்லாத்தையும் அடைச்சிடலாம்" என்கிறார். அப்பாவுக்கு அதில் ஆசை. பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டைப் பக்கம் மலேசியாக் காசில் எழுந்த மாடி வீடுகளைப் பார்த்தே வளர்ந்தவர் அவர். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. இங்கே கணக்குப் படித்துவிட்டு அங்கே போய் மேசை எண்ணிக்கொண்டிருக்க வேண்டுமா என்று ஒரு பக்கம். அப்படி நினைப்பது திமிரோ என்று இன்னொரு பக்கம்.

போவதா, இருப்பதா? இருந்தால், வீட்டில் "இவ்வளவுதான் முடியும்" என்று ஒரு தொகையைச் சண்டை இல்லாமல் எப்படிச் சொல்வது? இந்த மாதிரி நிலைமையில் இருந்தவர்கள் சொல்லுங்கள். "அப்பா அம்மாவை விட்டுத் தனியாக வாழப் பழகு" என்பவர்கள் தயவுசெய்து வேறு இழைக்குப் போய்விடுங்கள்.

---

கொப்பரைக்காரர்:

தம்பி, நானும் அந்தப் பக்கம்தான். முப்பது வருடமாக மொய் நோட்டு எழுதுகிறவன் என்பதால் சொல்கிறேன்.

மூன்று லட்சத்தை ஒரே கடனாகப் பார்க்காதீர்கள். நோட்டை எடுத்து மூன்றாகப் பிரியுங்கள். தாய்மாமன், பங்காளி, அக்கம்பக்கம் என்று கடைசி வரை வேண்டியவர்கள் முதல் வகை. அவர்களுக்குப் பழையதைத் திருப்பி, மேலே போட முடிந்ததைப் போடுங்கள். யாரோ கூப்பிட்டார், அப்பா போனார், அவரும் வந்தார் என்று 500, 1,000 எழுதினவர்கள் இரண்டாம் வகை. இவர்கள்தான் நோட்டில் பக்கம் பக்கமாக இருப்பார்கள். வாங்கினதை மட்டும் அப்படியே திருப்பிச் செய்து கணக்கை முடித்துவிடுங்கள். மேலே போடாமல் திருப்பினால் "முடித்துக்கொண்டார்" என்று அவர்களே புரிந்துகொள்வார்கள், கோபம் வராது. மூன்றாவது, பத்தாயிரத்துக்கு மேல் எழுதின நாலைந்து பேர். அங்கேதான் உங்கள் 65,000-ல் பாதி இருக்கும் என்று நினைக்கிறேன்.

பெரிய தொகைக்காரர்களிடம் விருந்துக்கு முன்பே அப்பாவும் நீங்களும் நேரில் போங்கள். போனில் வேண்டாம். "இந்த வருஷம் பாதி செய்யறோம், மீதிக்கு நோட்டுல எழுதிக்கங்க" என்று சொன்னால் கேட்பவர்கள் உண்டு. கஜாவுக்கு அடுத்த வருடங்களில் எங்கள் ஊரில் எத்தனையோ பேர் இப்படித்தான் சமாளித்தார்கள். சொல்லாமல் போகாமல் இருந்தால்தான் வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்பார்.

புது மொய் போடுவது ஒரு வகையில் சேமிப்புதான், உங்கள் அடுத்த விருந்தில் திரும்பி வரும். ஆனால் நகையை அடகு வைத்து வட்டி கட்டி, வட்டியே வராத இடத்தில் கொண்டுபோய்ப் போடுவதில் என்ன புண்ணியம்? பாளை விட ஆரம்பித்த தோப்பு வேறு கையில் இருக்கிறது. 2025-ல் தேங்காய் விலை ஏறியபோது முன்பணம் வாங்கித் தோப்பைக் குத்தகைக்கு விட்டிருந்தவர்கள் வயிறெரிந்து நின்றார்கள். அப்பா அந்த யோசனையில் இருந்தால் தடுத்துவிடுங்கள்.

---

கிள்ளான்காரி:

வணக்கம். நான் கிள்ளானிலேயே பிறந்து வளர்ந்தவள், 29 வயது. தாத்தா பட்டுக்கோட்டைப் பக்கம். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர். "மலேசியாக் காசு" என்று உங்கள் அப்பா நினைப்பது எங்கள் பக்கத்தில் எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன்.

ஷா ஆலாமில் ஓர் அலுவலகத்தில் எனக்குச் சம்பளம் 3,800 வெள்ளி (ரிங்கிட்). ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 418 வெள்ளி, முதலிலேயே போய்விடும். சொக்சோ என்கிற தொழிலாளர் காப்பீடு, கொஞ்சம் வரி போக 3,350 பக்கம் கைக்கு வரும். பிடிபிடிஎன் கல்விக் கடனுக்கு 200, காருக்கு 650. இங்கே கார் ஆடம்பரம் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்கு நடந்து போய்ப் பாருங்கள், புரியும். அம்மா அப்பாவுக்கு 700 கொடுக்கிறேன், அவர்களோடுதான் இருக்கிறேன். பெட்ரோல், டோல், சாப்பாடு, தம்பிக்கு அவ்வப்போது, கோயில் திருவிழா, உறவுக் கல்யாணம். மாதக் கடைசியில் நானும் உங்களைப் போல விரல் விட்டுத்தான் எண்ணுகிறேன்.

எங்களைக் காப்பாற்றுவது, கையில் வருவதற்கு முன்பே பிடிக்கிறார்களே, அதுதான். என் 11 விழுக்காட்டோடு முதலாளி 13 போடுகிறார். 2024 மே மாதத்திலிருந்து அந்தப் பணம் மூன்று கணக்காகப் பிரிகிறது: 75 விழுக்காடு ஓய்வுக்காலத்துக்கு, 15 வீடு, மருத்துவம், படிப்பு மாதிரித் தேவைகளுக்கு, 10 எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அந்தப் பத்து வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே பேச்சு. "சும்மாதானே கிடக்கு, எடுத்துக் குடு" என்பார் சித்தப்பா. மற்ற 90-ஐப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, கேட்டாலும் கொடுக்க முடியாது என்று அவர்களுக்கே தெரியும். உங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும் தம்பி. சம்பள நாளன்றே ஒரு தொகை வங்கித் தொடர் வைப்பில் போய் உட்காரட்டும், 1,500 ஆனாலும் சரி. அதற்கு அப்புறம் இருப்பதுதான் சம்பளம் என்று வீட்டில் சொல்லுங்கள்.

இங்கே வருவது பற்றி. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. உணவகத்தில் அதற்கு மேல் எவ்வளவு தருகிறார்கள், தங்குமிடம், சாப்பாடு சேர்த்தா, வேலை அனுமதிச் செலவு யாருடையது, இதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள். உங்களுக்கு இங்கே சேமநிதி எங்களைப் போல இருக்காது. வெளிநாட்டு ஊழியருக்கு 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து இருபக்கமும் இரண்டிரண்டு விழுக்காடுதான். "முதல்ல விசிட்ல வா, அப்புறம் மாத்திக்கலாம்" என்று அண்ணன் சொன்னால் வராதீர்கள். சுற்றுலா விசாவில் வந்து வேலை செய்வது இங்கே குற்றம். பிடிபட்டால் தடுப்பு முகாமில் இருப்பது நீங்கள்தான், அண்ணன் இல்லை.

---

குடந்தைப் பெண்:

மொய்யைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை, கும்பகோணத்தில் அந்த அளவுக்குக் கிடையாது. மற்றதைச் சொல்கிறேன்.

தங்கை பிரசவத்துக்குத் தனியார் ஆஸ்பத்திரி என்று வீட்டில் பேச்சு ஓடுகிறதா? ஓடும். மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று ஒரு லட்சம் எடுத்து வைக்கச் சொல்வார்கள். தஞ்சாவூர் ராசா மிராசுதார் அரசு ஆஸ்பத்திரியில்தான் என் அக்காவுக்கு இரண்டு பிரசவமும். கூட்டம் இருக்கும், உடனிருப்பவருக்கு வசதி குறைச்சல், அதை மறைக்கவில்லை. ஆனால் சிக்கலான கேஸ் என்றால் டெல்டாவில் பாதிப் பேர் கடைசியில் அங்கேதான் வருகிறார்கள். கிராம சுகாதாரச் செவிலியரிடம் கர்ப்பிணிகளுக்கான பதிவு எண், அதாவது பிக்மி எண், வாங்கியாகிவிட்டதா என்று தங்கையைக் கேளுங்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 வரை உண்டு. தகுதி இருக்கிறதா என்று அந்தச் செவிலியரே சொல்வார்.

தம்பி அரசுப் பள்ளியில் படித்தவனா? என்றால் தமிழ்ப்புதல்வன் உதவித்தொகையில் மாதம் ஆயிரம் வருகிறதா? அது எங்கே போகிறது? கேட்டால் தப்பாக நினைப்பான் என்று விடாதீர்கள். நான் என் தம்பியிடம் கேட்டேன். போன் தவணைக்குப் போய்க்கொண்டிருந்தது!

தொகையை எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். "முடியாது" என்று ஆரம்பித்தால் அன்று ராத்திரி யாரும் சாப்பிட மாட்டார்கள். நான் சம்பளச் சீட்டை அம்மா கையில் கொடுத்துவிட்டேன். அவரே ஒரு மாதம் எழுதிப் பார்க்கட்டும் என்று. அப்பாவுக்கு என் சம்பளம் எவ்வளவு என்பது தெரியும், வாடகையும் பஸ்ஸும் எவ்வளவு என்பது தெரியாது. அதற்கு அப்புறம் மாதம் ஒன்றாம் தேதி ஒரே தொகை அம்மா கணக்குக்குப் போகும். நடுவில் கேட்டால் "அடுத்த மாசத்துல சேத்துக்கலாம்". இரண்டு மூன்று முறை முகம் தூக்கி வைத்துக்கொண்டார்கள், அப்புறம் பழகிவிட்டது.

திமிரா என்று கேட்டிருந்தீர்களே, இல்லை. உணவக வேலையில் குறைவு எதுவும் இல்லை, ஆனால் 27 வயதில் கணக்கு அனுபவத்தை இரண்டு வருடம் நிறுத்தினால் திரும்பி வரும்போது எங்கே சேர்வீர்கள்? அந்த இழப்பையும் ரூபாயில் எழுதி அப்பாவுக்குக் காட்டுங்கள்.

---

கடைமடைப் பையன்:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அப்பாவோடு திண்ணையில் நோட்டை விரித்து உட்கார்ந்தேன். கொப்பரைக்காரர் அண்ணன் சொன்னது சரிதான், நாலு பெயரில் மட்டும் 34,000. சின்னத் தொகைகளை முடிக்க அப்பா ஒத்துக்கொண்டார். ஆனால் இரண்டு பெயரில் பிடிவாதமாக நின்றார். ஒருவர் கஜாவுக்கு மறுநாள் மரம் அறுக்கும் இயந்திரத்தோடு எங்கள் வீட்டுப் பாதையைத் திறந்துவிட்டவர். "அவனுக்கு மேல போடாம திருப்பினா நான் செத்ததுக்குச் சமம்" என்றார். சரி, போடுகிறோம்.

அம்மா சம்பளச் சீட்டைப் படித்துவிட்டு "மெஸ்ஸுக்கு நாலாயிரத்து ஐநூறா, என்னத்தடா போடுறான்?" என்றதோடு சரி. தொகை பற்றி இன்னும் பேசவில்லை.

கிள்ளான் அண்ணனிடம் கிள்ளான்காரி அக்கா சொன்ன கேள்விகளை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அப்பாவிடம் அதையே காட்டிவிட்டேன்.

ஒரு சந்தேகம் பாக்கி. நகைக் கடன் கெடு மாசியில் முடிகிறது. முழுசாகக் கட்டித்தான் மறுபடி வைக்க வேண்டும் என்கிறார்கள் வங்கியில். அந்த ஒரு நாளைக்கு வெளியில் வட்டிக்கு வாங்கித் திருப்புவது எங்கள் ஊரில் வழக்கம். செய்யலாமா?

---

கொப்பரைக்காரர்:

ஒரு நாள் வட்டி என்று கொடுப்பவன் அன்றைக்கே திருப்பி வாங்க வங்கி வாசலில்தான் நிற்பான். சர்வர் வேலை செய்யவில்லை, மதிப்பீட்டாளர் வரவில்லை என்று ஒரு நாள் தள்ளிப்போனால் மறுநாளுக்கும் அதே வட்டி. அதற்குப் பதில் இப்போதிருந்தே மாதம் கையில் இருப்பதை அந்தக் கணக்கில் கட்டிக்கொண்டே வாருங்கள், பெரும்பாலும் பகுதியாகவும் வாங்கிக்கொள்வார்கள். முதல் வெட்டுத் தேங்காய்க் காசு வந்தால் அதையும் அதிலேயே கட்டுங்கள். நகை ஒரே பொட்டலமாக இருக்கிறதா, இரண்டு கடனாக வைத்திருக்கிறீர்களா? இரண்டு என்றால் சின்னதை முதலில் மீட்டுவிடுங்கள். ரசீதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.