தங்க மின்முனையில் செல் இம்பீடன்ஸ்: ஒரே எண்ணிக்கை, வெல்லுக்கு வெல் வேறு அளவு

கேள்வி:
செல்கள் மின்முனையை மூடும்போது மின்னோட்டத்துக்கு எழும் எதிர்ப்பை (இம்பீடன்ஸ்) அளக்கிறேன். 250 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள தங்க மின்முனை, தட்டின் ஒவ்வொரு வெல்லுக்கும் (குழிக்கும்) ஒன்று. மேலே ஃபைப்ரோநெக்டின் (செல்கள் ஒட்ட உதவும் புரதம்) பூச்சு, எண்டோதீலியல் செல்கள் (ரத்தநாள உட்சுவர் செல்கள்). செல்களை விதைக்கும் முன்பே 4 கிலோஹெர்ட்ஸ் மின்தடை நிலைகொள்ளாமல் நகர்கிறது. மறுநாள் மைக்ராஸ்கோப்பில் எல்லா வெல்லும் நிறைந்து தெரிந்தாலும் மின்தடை ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. பூச்சில் குறையா?

மறுமொழி 1:
முதல் நகர்வுக்கு வெப்பநிலையைப் பாருங்கள். ஒரு டிகிரிக்கு மீடியத்தின் (செல் வளர்ப்புக் கரைசலின்) மின்கடத்துதிறன் ஏறக்குறைய 2% மாறும். மீடியத்தை இன்குபேட்டரிலேயே வைத்துச் சூடும் பிஹெச்சும் நிலைத்த பிறகு ஊற்றுங்கள். காற்றுபட்ட தங்கத்தில் கரிமப் படலம் படிந்திருக்கும். 10 மில்லிமோலார் எல்-சிஸ்டைன் (ஓர் அமினோ அமிலம்) கரைசலில் 10 நிமிடம் வைத்துக் கழுவினால் மின்முனைகள் ஒரே நிலைக்கு வரும். பிறகு ஃபைப்ரோநெக்டின், மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம், 37 டிகிரியில் ஒரு மணி நேரம். அந்தக் கரைசலில் சீரம் கூடாது, ஆல்புமின் முந்திக்கொண்டு இடம்பிடிக்கும். விதைக்கும்வரை பூச்சு காயக் கூடாது.

மறுமொழி 2:
வெல்களுக்கு இடையிலான வேறுபாட்டுக்கு நான் பூச்சைவிட மின்முனையின் அளவையே சந்தேகிப்பேன். அதன் பரப்பு 0.05 சதுர மில்லிமீட்டர்தான். சதுர சென்டிமீட்டருக்கு 1 லட்சம் செல் என்றால் அதன்மேல் நிற்பவை 50 செல்கள். நாலு செல் அளவுக்கு இடைவெளி விழுந்தாலும் மின்னோட்டம் அந்த வழியாகவே போய்விடும். முழு வெல்லையும் பார்க்கும் கண்ணுக்கு அது படாது. விதைத்ததும் தட்டைச் சுழற்றாதீர்கள், செல்கள் நடுவில் குவியும். சமதளத்தில் அறை வெப்பநிலையில் 15–20 நிமிடம் படியவிட்டு இன்குபேட்டருக்குள் வையுங்கள். வெல்லுக்கு 10 மின்முனை உள்ள தட்டு சராசரியைத் தரும், ஆனால் செல்களின் நுண்ணசைவு அதில் மங்கிவிடும்.

கேட்டவர்:
சுழற்றித்தான் பரப்பினேன். விதைப்பா, செல் இணைப்பா என்று எப்படிப் பிரிப்பது?

மறுமொழி 3:
64 கிலோஹெர்ட்ஸ் கெப்பாசிட்டன்ஸையும் (மின்தேக்குத் திறனையும்) பதியுங்கள். செல்கள் மூட மூட அது இறங்கும். எல்லா வெல்லிலும் சமமாக இறங்கி, 4 கிலோஹெர்ட்ஸ் மின்தடை மட்டும் பிரிந்தால் செல் இணைப்புகளில் வேறுபாடு: பாசேஜ் எண் (செல்களை எத்தனை முறை பிரித்து வளர்த்தீர்கள் என்பது), கால்சியம் பாருங்கள். கெப்பாசிட்டன்ஸே பிரிந்தால் விதைப்பு அல்லது பூச்சு.

பூச்சு மட்டும் போட்ட, செல் இல்லாத வெல் ஒன்று கட்டாயம் வேண்டும். சோதனை முடிவில் டிரைட்டான் எக்ஸ்-100 (செல் சவ்வைக் கரைக்கும் சோப்பு போன்ற பொருள்) சேர்த்துச் செல்களைக் கரையுங்கள். ஒரு வெல்லின் அளவு, செல் இல்லாத வெல்லின் மட்டத்துக்கு அருகே திரும்பாவிட்டால் அதன் மின்முனையே மாறியிருக்கிறது, அதன் தரவை ஒதுக்குங்கள். அளவுக் கோடு திடீர் திடீரென்று குதித்தால் தட்டைக் கருவியோடு இணைக்கும் தொடர்புப் பட்டைகளில் நீராவி படிந்திருக்கும், துடைத்துவிட்டு மறுபடி பொருத்துங்கள்.