வாட்டில் மரங்களை வெட்டலாமா, விட்டுவிடலாமா?

பழனி மலைக் காடுகளோடு பழகியவர்கள் யாராவது உதவுங்கள். தாண்டிக்குடிப் பக்கம் சில்வர் ஓக் நிழலில் இருக்கும் காபித் தோட்டங்களைத் தாண்டி 2,000 மீட்டரை ஒட்டி ஏறிவிட்டால் சோலையும் (மலை மடிப்புகளில் வளரும் குட்டையான பசுமைமாறாக் காடு) புல்வெளியும்தான் இருக்க வேண்டும், ஆனால் எங்கள் நிலத்தில் புல்வெளி முழுக்கப் பழைய வாட்டில் (ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அகேசியா வகை மரம்). அதன் அடியில் குனிந்து பார்த்தால் நாவல் வகைச் சோலைக் கன்றுகள் முழங்கால் உயரத்தில், சிவந்த தளிரோடு நிற்கின்றன. வெட்டினால் வெயில் பட்டு மண்ணில் கிடக்கும் வாட்டில் விதை மொத்தமாக முளைக்கும், தீப்பிடித்தால் இன்னும் மோசம். விட்டால் சோலை வரலாம், குறிஞ்சி பூத்த புல்வெளி திரும்பாது. எனக்கு மேட்டில் புல்வெளிதான் வேண்டும், ஓடைக்கரையை மட்டும் சோலைக்கு விடலாம் என்று நினைக்கிறேன். மரத்தை வெட்டாமல் பட்டையை உரித்து நின்றபடியே காயவிட்டவர்கள் உண்டா? எந்த மாதம் செய்தீர்கள், அப்புறம் முளைத்ததை எத்தனை வருடம் பிடுங்க வேண்டியிருந்தது?