‘விஞ்சு’, ‘மிஞ்சு’: எங்கே எது பொருந்தும்?

கேள்வி:
2023 நவம்பர் 15 அன்று மும்பை வான்கடே மைதானத்தில் விராட் கோலி தமது 50ஆவது ஒருநாள் சதத்தை அடித்து, சச்சின் டெண்டுல்கரின் 49 சதங்களைக் கடந்ததைப் பற்றிய கட்டுரைக்குச் ‘சச்சினை விஞ்சிய கோலி’ என்று தலைப்பிட்டிருந்தேன். மெய்ப்புப் பார்த்த நண்பர் அதை ‘மிஞ்சிய’ என்று திருத்தினார். இரண்டும் ஒரே பொருளைத்தான் தருகின்றனவா?

பதில் 1:
முழுவதும் அல்ல. ‘மிஞ்சு’ என்பதற்கு எஞ்சுதல், அளவு கடத்தல் என்ற பொருள்களும் உண்டு. ‘நேற்று வைத்த குழம்பு மிஞ்சிவிட்டது’ என்போம். அந்த இடத்தில் ‘விஞ்சிவிட்டது’ என்று எந்த வீட்டிலும் சொல்வதில்லை. ‘மிஞ்சிப்போனால் நூறு ரூபாய் ஆகும்’ என்பதிலும் ‘விஞ்சு’ நுழையாது. ஒருவரோடு ஒருவரை ஒப்பிட்டு, திறமையிலோ சிறப்பிலோ மேலே நிற்பதைச் சொல்வதற்கென்றே அமைந்தது ‘விஞ்சு’.

பதில் 2:
தொனியையும் பார்க்க வேண்டும். ‘என்னையே மிஞ்சப் பார்க்கிறாயா?’ என்று ஒரு பெரியவர் கேட்டால் அதில் அடங்காமையைக் கண்டிக்கும் குரல் இருக்கிறது. ‘கெஞ்சினால் மிஞ்சுவான், மிஞ்சினால் கெஞ்சுவான்’ என்ற பழமொழியிலும் அதே வாடைதான். ஆனால் ‘குருவை மிஞ்சிய சீடன்’ என்பது பாராட்டு. ஆகவே நண்பரின் திருத்தம் பிழையன்று, தேவையற்றது என்பதே என் கருத்து.

பதில் 3:
எனக்கு இரண்டு சொற்களுமே இங்கு நெருடுகின்றன. சத எண்ணிக்கையில் முன்னே சென்றதை மட்டும் சொல்வதானால் ‘முந்தினார்’ என்பதே போதும். எதில் என்று சொல்லாமல் ‘சச்சினை விஞ்சிய’ என்று எழுதினால், ஆட்டக்காரர் என்ற முறையிலேயே கோலி மேலானவர் என்ற தீர்ப்பாக அது படிக்கப்படும். (சச்சின் ரசிகர்கள் சும்மா விடமாட்டார்கள்!) ‘விஞ்சு’தான் வேண்டுமென்றால் ‘சத எண்ணிக்கையில் சச்சினை விஞ்சிய கோலி’ என்று துறையைச் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. தலைப்பு நீண்டுவிடுவதால் ‘சத எண்ணிக்கை: சச்சின் விஞ்சிய கோலி’ என்று உருபை விட்டுவிடலாமா?

பதில் 1:
கூடாது. ‘ஐ’ போய்விட்டால் சச்சின் எழுவாயாகிவிடுவார். சச்சினால் விஞ்சப்பட்டவர் கோலி என்று பொருள் தலைகீழாகிவிடும். இடம் போதாவிட்டால் ‘சதங்களில் சச்சினை முந்தினார் கோலி’ என்று போடுங்கள்.