மூன்றாம் வகுப்புச் சண்டையில் ஆசிரியர் தீர்ப்புச் சொல்லலாமா?

கரும்பலகை:
என் மூன்றாம் வகுப்பில் நாளொன்றுக்குப் பத்து முறையாவது "மிஸ், இவன் கிள்ளிட்டான்" என்று புகார் வரும். முன்பெல்லாம் நானே விசாரித்து, "சாரி சொல்லு, கை கொடு" என்று முடித்துவிடுவேன். இடைவேளையில் அதே இருவரும் மறுபடி அடித்துக்கொள்வார்கள். இப்போது இருவரையும் ஜன்னலோரம் நிறுத்தி, ஒருவன் சொல்லி முடிக்கும்வரை மற்றவன் குறுக்கிடாமல் கேட்டு, கேட்டதைத் திருப்பிச் சொன்ன பிறகே தன் தரப்பைச் சொல்ல வேண்டும் என்று பழக்கியிருக்கிறேன். போன வாரம் உடைந்த ஸ்கேலோடு வந்த இருவர், ஆளுக்குப் பாதி என்று தாங்களே முடிவு செய்துகொண்டார்கள். ஆசிரியர் நீதிபதியாக இருப்பதை நிறுத்த வேண்டும் என்பதே என் கருத்து.

பின்பெஞ்சு:
ஸ்கேலுக்கு இது பொருந்தும், அம்மா. "பக்கத்தில் உட்காராதே" என்று என் மகளை மாதக்கணக்கில் ஒதுக்கிய பிள்ளையோடு அவளை இப்படித்தான் எதிரெதிரே நிறுத்தினார்கள். அவள் வாயே திறக்கவில்லை. "சமாதானமாகிவிட்டார்கள்" என்று டைரியில் எழுதி அனுப்பினார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சாதியைச் சொல்லித் துன்புறுத்துவதாகப் புகார் சொன்ன மாணவனை வீடு புகுந்து வெட்டினார்களே, அதையும் பேசித் தீர்த்திருக்கலாம் என்பீர்களா?

பழைய வாத்தியார்:
எங்கள் காலத்தில் ஆளுக்கு இரண்டு அடி, பிரச்சினை தீர்ந்தது.

வேப்பமரத்தடி:
ஐயா, 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதற்கு இடம் தரவில்லை. எனவே அதை விட்டுவிடுவோம். பின்பெஞ்சு சொல்வதில்தான் விஷயம் இருக்கிறது. நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுக்கவும், மாணவர்களை அகர வரிசையில் அமரவைக்கவும் பரிந்துரைத்தது. இரண்டுமே பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை. பிள்ளைகளிடம் பேசித் தீர்க்கச் சொல்லிவிட்டு நாம் ஒதுங்க முடியாது.

கரும்பலகை:
ஒதுங்கச் சொல்லவில்லை. ஒதுக்குவதும் துன்புறுத்துவதும் சண்டையே அல்ல. அங்கே நான் தலையிட்டே ஆக வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எட்டு வயதில் காய் விட்டவர்கள் மறுநாளே பழம் விட்டுக்கொள்கிறார்கள். அந்தத் திறமையை நம் தீர்ப்பு கெடுத்துவிடக் கூடாது. இனி, ஜன்னலோரம் நிறுத்துவதற்கு முன் இருவரையும் தனித்தனியாக விசாரிப்பேன்.

பின்பெஞ்சு:
தனியாகக் கேட்டிருந்தாலும் என் மகள் முதல் நாளே சொல்லியிருக்க மாட்டாள். சாப்பாட்டு வேளையில் யார் தனியாக உட்காருகிறார்கள் என்று நீங்களாகப் பார்த்திருந்தால்தான் தெரிந்திருக்கும்.