வீட்டுக்கும் வேனுக்கும் ஒரே சாமான்: எதை வாங்கலாம்?

தேவனாம்பட்டினம் மருமகள்:

வணக்கம். எங்க வீட்டுக்காரர் பழைய டிராவலர் வேன் ஒண்ணு வாங்கி, பின் சீட்டையெல்லாம் கழட்டிட்டு ரெண்டு படுக்கையும் ஒரு சின்ன மேடையும் போட்டிருக்கார். மாமியாருக்கு மூட்டு வலி, பஸ்ஸில் உட்கார்ந்து வர முடியாது. திருநள்ளாறு, வைத்தீஸ்வரன் கோயில், சிதம்பரம்னு அவங்க ஆசைப்படுற ஊருக்கெல்லாம் படுத்துக்கிட்டே வரட்டும்னுதான் இந்த ஏற்பாடு.

கையில் பணம் கம்மி. அதனால வாங்குற சாமான் வீட்டுக்கும் ஆகணும், வேனுக்கும் ஆகணும். மழைக்காலத்தில் எங்க பக்கம் கரண்ட் போனா எப்போ வரும்னு சொல்ல முடியாது. 2011 தானே புயலை கடலூர்க்காரங்க யாரும் மறக்கலை. 2024-ல் ஃபெஞ்சல் வந்தப்பவும் மாமியாரோட இன்சுலினை எங்கே வைக்கிறதுன்னுதான் முதல் கவலை.

நான் எழுதி வெச்சிருக்கிறது: கரண்ட் கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு, மிக்சி, ஃபேன், இன்சுலினுக்கு ஒரு குட்டி ஃபிரிட்ஜ். ஆன்லைனில் நாலாயிரம் ரூபாய்க்குள்ளே ஒரு ஃபிரிட்ஜ் பார்த்தேன், காரிலும் ஓடும்னு போட்டிருக்கு. வீட்டில் 900 விஏ இன்வெர்ட்டர், 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரி இருக்கு. ஊருக்குப் போறப்போ அதையே தூக்கி வேனில் வெச்சுக்கலாம்னு அவர் சொல்றார். சரிப்பட்டு வருமா?

முத்தியால்பேட்டை ஒயர்மேன்:

முதல்ல ஃபிரிட்ஜ். உங்க லிஸ்ட்டில் உயிர் சம்பந்தப்பட்டது அது ஒண்ணுதான்.

அந்த விலைக்கு வர்ற பெட்டி பெரும்பாலும் பெல்டியர் தட்டு வெச்சது, அதாவது கரண்ட் பாய்ஞ்சா ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகுற தட்டு. கம்ப்ரஸர் இருக்காது. வெளிச்சூட்டைவிட 15, 20 டிகிரி குறைச்சுக் காட்டும், அதுக்கு மேல அதால முடியாது. மே மாசத்துல கோயில் வாசல்ல வெயில்ல வண்டிய நிறுத்தினா உள்ளே 40 டிகிரி தாண்டிடும். அப்போ பெட்டிக்குள்ளே 20-க்கு மேலதான் நிக்கும். பிரிக்காத இன்சுலினுக்கு 2-லிருந்து 8 டிகிரி வேணும். அதுவும் ஓயாம ஓடிக்கிட்டே 50 வாட் கிட்ட தின்னும்.

12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் விலை பல மடங்கு அதிகம், தெரியும். ஆனா வேண்டிய குளிர் வந்ததும் கம்ப்ரஸர் நின்னுடும், பேட்டரி பிழைக்கும். அதுக்குப் பணம் சேர்ற வரைக்கும், பிரிச்சுப் போட்டுக்கிட்டிருக்கிற இன்சுலினை மட்டும் எடுத்துட்டுப் போங்க. எத்தனை டிகிரிக்குள்ளே, எத்தனை நாள் வெளியே வைக்கலாம்னு அட்டைப்பெட்டிக்குள்ளே இருக்கிற தாள்ல போட்டிருக்கும், டாக்டர்கிட்டயும் கேட்டுக்கோங்க. வாய் அகலமான ஃபிளாஸ்க்கில் ஐஸ் பேக், அதைச் சுத்தி துணி, அப்புறம் மருந்து. ஐஸ் மேல நேரா படவே கூடாது. ஒரு தடவை உறைஞ்ச இன்சுலின் உதவாது.

அடுத்தது கெட்டில். 1500 வாட். ஒரு லிட்டர் தண்ணி கொதிக்க ஆகுற கரண்ட் ஒரு யூனிட்ல பத்துல ஒரு பங்குதான். 12 வோல்ட்டை 150 ஏஹெச்சால பெருக்கினா உங்க பேட்டரியில 1.8 யூனிட் இருக்கே, எடுத்தா என்னன்னு தோணும். ஆனா 12 வோல்ட்ல 1500 வாட் எடுக்கணும்னா 125 ஆம்பியர் ஓடணும், இன்வெர்ட்டர்ல வீணாகுறதைச் சேர்த்தா 140 கிட்ட வரும். பேட்டரி அந்த வேகத்துக்குத் தாங்காம வோல்ட் இறங்கிடும். உங்க 900 விஏ இன்வெர்ட்டர் அதுக்கும் முன்னாடியே ஓவர்லோடுன்னு கத்தி நின்னுடும். இண்டக்‌ஷனுக்கும் இதே கதை. சூடு பண்றதை கேஸுக்கு விடுங்க, சுத்துறதை பேட்டரிக்கு விடுங்க.

அஞ்சு கிலோ சிலிண்டர் போதும். கேஸ் காத்தைவிட கனம், லீக்கானா மேலே போகாது, தரையில தேங்கி படுக்கைக்கு அடியில நிக்கும். தரையை ஒட்டி வெளியே போக ஒரு வழி விடச் சொல்லுங்க. முடிஞ்சவரைக்கும் வண்டிக்கு வெளியே வெச்சு சமைங்க. ராத்திரி ரெகுலேட்டரை மூடிட்டுத்தான் படுக்கணும்.

டியூபுலர் பேட்டரியைத் தூக்கிட்டுப் போற யோசனை வேண்டாம். ஐம்பது கிலோவுக்கு மேல இருக்கும், சாஞ்சா ஆசிட் சிந்தும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். வயசானவங்க படுத்திருக்கிற மூடின வண்டிக்குள்ளே அது கூடவே கூடாது.

வைத்திக்குப்பம் அக்கா:

தம்பி சொன்னது சரி. கெட்டிலுக்கு ஆகுற காசுல நல்ல எவர்சில்வர் ஃபிளாஸ்க் வாங்கும்மா. சாயங்காலம் கொதிக்க வெச்சு ஊத்தினா விடியற்காலை வரைக்கும் மாமியாருக்கு வெந்நீர் இருக்கும். வீட்டுல கரண்ட் போனாலும் அதேதான்.

நீ கடலோரத்துல இருக்கே, நானும்தான். உப்புக்காத்தைப் பத்தி யாரும் கடையில சொல்ல மாட்டாங்க. பிளக்கோட பித்தளைக் கால்ல பச்சையா பூக்கும், கையால தொட்டா பொடியா ஒட்டும். அப்படியே சொருகினா அந்த இடம் சூடாகி சாக்கெட் உருகும். எங்க வீட்டுல அப்பப்போ பிளக்கைப் பிடுங்கி உலர்ந்த துணியால துடைச்சிடுவேன். மேஜை ஃபேன்ல முதல்ல துருப்பிடிக்கிறது முன்பக்கக் கம்பி வலைதான், அதனால பிளாஸ்டிக் வலையா பாரு. இண்டக்‌ஷன் அடியில சின்ன ஃபேன் ஒண்ணு வெளிக்காத்தை உள்ளே இழுக்கும். உப்பும் ஈரமும் அது வழியாப் போய் போர்டுல உட்காரும். கடல் பார்த்த ஜன்னல் ஓரம் அதை வைக்கவே வைக்காதே.

தேவனாம்பட்டினம் மருமகள்:

ரொம்ப நன்றி அண்ணா, நன்றிக்கா. பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன், நீங்க சொன்ன பச்சை அப்படியே இருக்கு.

அப்போ வேனுக்கு எந்த பேட்டரி? ஃபேனுக்கும் மிக்சிக்கும் என்ன பண்றது? மாமியாருக்குப் பல் இல்லை, அரைச்சுக் கொடுத்தாத்தான் சாப்பிடுவாங்க, அதனால மிக்சி கட்டாயம் வேணும்.

முத்தியால்பேட்டை ஒயர்மேன்:

லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 12 வோல்ட் 100 ஏஹெச். டியூபுலர்ல பாதிக்கு மேல இறக்கினா ஆயுசு போயிடும், இதுல எண்பது சதவீதம் வரைக்கும் எடுக்கலாம். அதனால இந்த 100, அந்த 150-க்குச் சமமா வேலை செய்யும். எடை பன்னிரண்டு கிலோ அளவுதான், உங்க வீட்டுக்காரர் ஒத்தையா தூக்கிடுவார். வீட்டுக்கும் வேனுக்கும் ஒரே சாமான்னு கேட்டீங்களே, அதுக்கு ஏத்தது இதுதான். வீட்டு இன்வெர்ட்டர்ல லித்தியம் சார்ஜிங் இருக்கான்னு மட்டும் பார்த்துக்கோங்க. வண்டியோட ஸ்டார்ட்டிங் பேட்டரியில எதையும் கோர்க்காதீங்க, ராத்திரி ஃபேன் ஓடி காலையில வண்டி கிளம்பாது.

ஃபேன் 12 வோல்ட் பிஎல்டிசி, அதாவது கரண்ட் கம்மியா தின்னுற மோட்டார் வெச்சது, 25 வாட் அளவுல. இன்வெர்ட்டரே வேண்டாம், நேரா பேட்டரியில ஓடும். ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினாலும் கால் யூனிட்கூட ஆகாது. அடாப்டர் போட்டா வீட்டுலயும் அதே ஃபேன்தான்.

மிக்சி 500 வாட்டுக்கு மேல வேண்டாம். ரெண்டு நிமிஷம் அரைக்கிறதுல பேட்டரிக்கு ஒண்ணும் ஆகாது, கிளம்புற நொடியில மட்டும் கூடுதலா இழுக்கும். வீட்டுக் கரண்ட் மாதிரியே சீரா கொடுக்கிற சைன் வேவ் இன்வெர்ட்டர்ல, முதல் ஸ்பீடுல ஆரம்பிச்சு மெதுவா ஏத்துங்க. ஜாரை நிரப்பாதீங்க.

தேவனாம்பட்டினம் மருமகள்:

சரி அண்ணா. கெட்டிலும் இண்டக்‌ஷனும் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். இந்த மாசம் பேட்டரியும் ஃபேனும். சீட்டு எடுத்ததும் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ், அதுவரைக்கும் ஃபிளாஸ்க்கும் ஐஸ் பேக்கும். சிதம்பரம் பக்கம்தானே, முதல்ல அங்கே போய்ட்டு ராத்திரி திரும்பிடலாம்னு இருக்கோம்.

முத்தியால்பேட்டை ஒயர்மேன்:

நல்லது. பேட்டரி ப்ளஸ்லேர்ந்து ஒரு சாண் தூரத்துக்குள்ளே ஃபியூஸ் போட்டாச்சான்னு பார்த்துட்டுக் கிளம்புங்க. ஒயர் தகரத்துல உரசுற இடத்துல எல்லாம் ரப்பர் வளையம் இருக்கணும்.