லாக்-இன்: 'பூட்டு' வேண்டாம், 'கட்டுண்ணல்' என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு பொருளையோ சேவையையோ விட்டு இன்னொன்றுக்கு மாற முடியாமல் சிக்கிக்கொள்வதைப் பொருளியலில் 'லாக்-இன்' (lock-in) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் 'பூட்டிவைப்பு', 'சிறைப்பாடு' என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. இரண்டிலும் எனக்கு ஒரே தயக்கம். பூட்டு என்றால் பூட்டியவர் ஒருவர் வேண்டும். பொருளியலில் இந்தச் சொல் குறிக்கும் நிலைமையில் பல நேரம் அப்படி யாருமே இருப்பதில்லை. நாமே விரும்பிப் போய், உழைப்பையும் காசையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, கடைசியில் வெளியே வர வழியில்லாமல் நிற்கிறோம்.

ஒருங்குறிக்கு (யூனிகோடு) முன்பிருந்தே புழங்கும் பாமினி என்ற தமிழ் எழுத்துருவையே பாருங்கள். என்னிடம் ஒரு பழைய கும்பாபிஷேக மலரின் கோப்பு இருக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் நடுநடுவே அரைப்புள்ளிகளும்தான் தெரியும். அந்த அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் புள்ளி! ஒருங்குறி வந்த பிறகும் தட்டச்சு செய்பவர்கள் ஏன் உடனே மாறவில்லை? விரல் பழகிவிட்டது, பழைய கோப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது, அச்சகத்துக்காரரும் அதையே கேட்கிறார். எல்லோரும் மாறினால் எல்லோருக்கும் நல்லது. ஒருவர் மட்டும் மாறினால் நட்டம் அவருக்குத்தான். தட்டச்சுப் பொறியின் விசை வரிசையை வைத்து பொருளியலாளர் பால் டேவிட் 1985இல் எழுதியதும் இதைத்தான்: பழகியவர்கள் அதிகம் என்பதால் அந்தப் பொறியை வாங்குகிறார்கள், அந்தப் பொறி அதிகம் என்பதால் புதியவர்களும் அதையே பழகுகிறார்கள்.

அதனால் 'கட்டுண்ணல்' என்ற சொல்லை முன்வைக்கிறேன். கட்டியவர் யார் என்று இது சொல்வதில்லை, கட்டுப்பட்டு நிற்பவரை மட்டும் காட்டுகிறது. வினையாகவும் அடையாகவும் வளையும்: கட்டுண்டார், கட்டுண்ட வாடிக்கையாளர். முதலில் 'கட்டுண்மை' என்றுதான் யோசித்தேன். வாய்விட்டுப் படித்தபோது 'கட்டு உண்மை' என்று காதில் விழுந்ததால் விட்டுவிட்டேன்.

இன்னொரு லாபமும் உண்டு. யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் மென்பொருளைக் 'கட்டற்ற மென்பொருள்' என்று ஏற்கெனவே சொல்கிறோம். அதற்கு நேர் எதிரே 'கட்டுண்ட மென்பொருள்' தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. வெளியேற வழி செய்து கொடுப்பதைக் 'கட்டவிழ்ப்பு' எனலாம்.

கட்டவிழ்ப்புக்கு நல்ல உதாரணம் செல்பேசி எண். எங்கள் தெருவில் குழாய் வேலை செய்பவர் ஒருவர் தம் எண்ணைக் கடைச் சுவரில் பெயிண்டால் எழுதி வைத்திருந்தார். அவருடைய நிறுவனத்தின் சிக்னல் அவர் வீட்டிலேயே எடுக்காது. ஆனாலும் மாறவில்லை. அந்தப் பத்து இலக்கம் போனால் வாடிக்கையும் போய்விடுமே! எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2010 நவம்பர் 25இல் அரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் வந்தது. 1900 என்ற எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும், அப்போது அதிகபட்சக் கட்டணம் 19 ரூபாய். அவரும் மாறிவிட்டார், சுவரில் எழுதிய எண் அப்படியே இருக்கிறது. அதுவரை அவரைக் கட்டி வைத்திருந்தது சந்தாக் கட்டணம் அல்ல, 'மாறுசெலவு'. ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறுவதால் வரும் இழப்பையும் சிரமத்தையும் குறிக்கும் 'ஸ்விட்சிங் காஸ்ட்' என்பதற்கு இந்தச் சொல்லையும் சேர்த்தே முன்வைக்கிறேன். 'மாற்றச் செலவு' என்றால் பணமாற்று, இடமாற்றம் என்று வேறெங்கோ போய்விடுகிறது.

'வெண்டர் லாக்-இன்' என்பதற்கு 'விற்பனையாளரிடம் கட்டுண்ணல்' கொஞ்சம் நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். 'உண்' என்ற பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள், கட்டுப்பட்டு நிற்பவரைக் காட்டுவது அதுதான்.

அன்புடன்.